நாரையும் உரக்கணக்கும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு வேடந்தாங்கல் போயிருந்தோம். ஏரிக்கரையில் நின்ற ஒரு விவசாயியிடம் பறவைகளைப் பற்றிக் கேட்டேன். "பறவை வந்தால் நெல்லுக்கு நல்லது, உரச்செலவு மிச்சம்" என்றார். பாதிப் பறவைகளுக்கு அவருக்குப் பெயர் தெரியவில்லை. கிராமத்து மக்களுக்கு இயற்கை என்றால் ஆதாயம் மட்டும்தானா? அவர்களிடம் சூழல் விழிப்புணர்வைக் கொண்டுசெல்வது எப்படி? கரையெல்லாம் பிளாஸ்டிக் வேறு.

க., சென்னை

அன்புள்ள க.,

பிளாஸ்டிக்கை விடுங்கள். அது பறவை பார்க்க வந்தவர்கள் தின்றுவிட்டுப் போட்ட உறையா, நாற்று நட வந்தவர்கள் போட்டதா என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எங்கள் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உங்களுக்கு வருத்தம் தந்த அந்த உரக்கணக்குதான் வேடந்தாங்கலைக் காப்பாற்றியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று 1798இல் உத்தரவு வாங்கினார்கள். அரசு அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936இல். இடைப்பட்ட காலம் முழுக்க எந்த விழிப்புணர்வு முகாம் நடந்தது? நீர்க்கடம்பில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. தழைச்சத்து ஏறிய அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. நாரை இருந்தால்தான் தனக்கு விளைச்சல் என்று தெரிந்தவன் நாரைமேல் கல்லெறிய மாட்டான். இதைக் கொச்சையான ஆதாயம் என்று நினைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பெயர் தெரியவில்லையாம்! உங்கள் வீட்டுக் குழாயில் இன்று வந்தது செம்பரம்பாக்கத்துத் தண்ணீரா, வீராணத்துத் தண்ணீரா? பள்ளிக்கரணைப் பறவைகளை வரிசையாகப் பெயர் சொல்லக்கூடியவர்கள் சென்னையில் உண்டு. அவர்களை மதிக்கிறேன். ஆனாலும் அந்தச் சதுப்பின் ஓரத்தில்தான், பெருங்குடியில், நகரத்துக் குப்பை மலையாகக் குவிந்தது.

நான் சிவகங்கைப் பக்கம் பிறந்தவன். சித்திரையில் கண்மாய் வற்றியதும் வண்டிகள் உள்ளே இறங்கும். வெடித்துக் கிடக்கும் வண்டலை மண்வெட்டியால் பாளம் பாளமாகப் பெயர்த்து ஏற்றுவார்கள். அப்பா ஒரு கட்டியை உடைத்து, விரலால் நெரித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவார். வயலில் கொட்டிய வண்டலில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் கிடக்கும். உழும்போது காலைக் கிழிக்கும். வண்டல் வயலுக்குப் போனது, கண்மாய் ஆழமானது. ஒரு செலவில் இரண்டு வேலை. கண்மாய்க்குள் நின்ற கருவேல மரத்தின் காய் ஆடுகளுக்கு, மீன் ஊருக்கு. எவனாவது கரையை வெட்டினால் இரவோடு இரவாக ஊரே திரண்டுவிடும்.

பிறகு அதிகாரிகள் மரத்தை ஏலம் விட்டார்கள், மீனை ஏலம் விட்டார்கள். வண்டல் அள்ள மனு எழுத வேண்டும் என்றார்கள். அனுமதி வருவதற்குள் மழை வந்துவிடும். இரண்டொரு கோடையில் ஆட்கள் உள்ளே இறங்குவதை விட்டார்கள். மேடு தட்டிய கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டியது. இப்போது மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கில் விரிசல் விட்டிருந்தாலும் "அது கவர்மெண்ட் கண்மாய்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் அக்கறை இல்லை என்று வகுப்பெடுக்க வருகிறவர்கள்மேல்தான் கோபம்.

நீங்கள் நல்லவர். இல்லாவிட்டால் ஏரிக்கரையில் நின்று ஒரு விவசாயியிடம் பேசியிருக்க மாட்டீர்கள். கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்றால், பத்து வண்டி வண்டலுக்கு ஒரு விவசாயி எத்தனை மேசைகளுக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி நடத்துங்கள். நானும் வருகிறேன்.