ஒரு போனில் தீரும் சந்தேகம்

அன்புள்ள சார்,

சைக்கிளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அப்பா 1978இல் வாங்கிய ஹெர்குலிஸைத் தூசி தட்டி எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாளாக மேடேறும்போது செயின் நழுவுகிறது. புதுச் செயின் போட்டும் சரியாகவில்லை, முன்பைவிட மோசம். கடைக்காரர் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃபிரீவீலையும் மாற்று என்கிறார். காசு பிடுங்கப் பார்க்கிறாரோ? இனியும் இதில் செலவு செய்யலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் பாதிப் பொழுது போகிறது. ஒருவனுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. ஒருவன் மகளோடு கனடா போய்விட்டான். ஒருவன் டி.எஸ்.பி.யாக ஓய்வுபெற்றவன். அவன் அருமை போன வாரம்தான் தெரிந்தது. இரவு பத்தரைக்கு ரோந்து போலீஸ் மறித்து சைக்கிளுக்கு பில் கேட்டார்கள். இல்லை என்றதும் ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்கள். நண்பனுக்கு ஒரு போன் போட்டேன். பத்தே நிமிடம். டீ வாங்கிக் கொடுத்து, "முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்" என்று அனுப்பிவைத்தார்கள். ஒரிசாப் பையன் ஒருவனும் தன் சைக்கிளோடு அங்கே உட்கார்ந்திருந்தான், பாவம். நட்பு என்றால் இதுதான் சார்.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

கடைக்காரர் சொன்னது சரி. செயின் நீண்டுவிட்டது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, தகடு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்கள் துளித்துளியாகத் தேய்கின்றன. அந்தத் தேய்மானம் எல்லாம் சேர்ந்துதான் செயின் தொய்கிறது. புதுச் செயினில் 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு ஏறிவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு ஏறும்வரை விட்டால், பழைய செயினுக்கு ஏற்றபடி ஃபிரீவீல் பல்லும் தேய்ந்து குழிந்துபோயிருக்கும். அதில் புதுச் செயின் உட்காராது. அழுத்தி மிதித்ததும் பல் மேல் ஏறிக் குதிக்கும். முன்பைவிட மோசமானது அதனால்தான். கையோடு பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் கோட்டர் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த வயது வண்டியில் அது ஆடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எடைக்குப் போடுவதா? அப்பா ஓட்டிய வண்டியை எடைக்குப் போடலாமா என்று முகம் தெரியாத ஒருத்தனிடம் கேட்கிறீர்களே, உங்களுக்கே கூச்சமாக இல்லையா?

பைபாஸ் ஆன நண்பருக்குக் குழுவில் பூங்கொத்துப் படம் ஒன்றைப் போட்டதோடு முடித்திருப்பீர்கள். நேரில் போங்கள். மார்பைப் பிளந்து தைத்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு மருத்துவ ஆலோசனை எதுவும் வேண்டாம், பத்தாம் வகுப்பில் யார் யாரிடம் அடி வாங்கினார்கள் என்று பேச ஒரு ஆள் வேண்டும். சிரிக்க வைத்துவிடாதீர்கள், தையல் வலிக்கும். கனடாக்காரர் சௌக்கியமாக இருப்பார், விடுங்கள்.

சரி, டீக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு எரிச்சல் மூட்டிய இடம் நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்த இடம்தான்.

உங்களை மறித்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சைக்கிள் திருடு போகிறது, தொலைத்தவன் போலீஸிடம்தான் ஓட வேண்டும், இரவில் ரோந்தும் வேண்டும். திருட்டுப் பொருளோ என்று சந்தேகம் வந்தால் கைப்பற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 102ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்தில் 106. அதே பிரிவுதான் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. அதிகாரம் கொடுத்த வரி எல்லாருக்கும் மனப்பாடம், கணக்குக் கேட்கும் வரி யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது, ஆர்.சி. கிடையாது, மோட்டார் வாகனச் சட்டம் அதன் பக்கமே வருவதில்லை. அதை மிதிப்பவன் பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதுவும் 1978ஆம் வருடத்து பில்லை! ஃபிரேமில் அடித்திருக்கும் நம்பரையும் உங்கள் முகவரியையும் குறித்துக்கொண்டு விட்டிருக்கலாம்.

(எங்கள் கல்லூரிக் காலத்தில் டபுள்ஸ் போனால் வால்வைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

நான் கேட்பது இதுதான். அந்தச் சைக்கிள் திருட்டுச் சைக்கிளோ என்று அவர்களுக்கு நிஜமாகவே சந்தேகம் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால், ஓய்வுபெற்ற ஒருவர் போன் பண்ணியதும் அது எப்படித் தீர்ந்தது? உங்கள் நண்பர் அந்த சைக்கிளைக் கண்ணால் பார்த்தாரா? பில் கொண்டுவந்தாரா? டி.எஸ்.பி.யின் சிநேகிதன் திருட மாட்டான் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? சந்தேகம் இல்லை என்றால், உங்களை எதற்கு ஸ்டேஷன்வரை தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்கள்? எப்படிப் பார்த்தாலும் அந்த டீ தப்பு. "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றாரே, எதைச் சொல்லியிருக்க வேண்டும்? இது என் அப்பாவின் வண்டி என்பதை முதலிலேயே சொல்லித்தான் இருப்பீர்கள். அது காதில் விழவில்லை. யாரைத் தெரியும் என்பது மட்டும் விழுந்தது. அந்த டீயைக் குடித்துவிட்டு வந்து நட்பின் இலக்கணம் என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அந்தப் பையனுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கி, அதிலும் ஒரு 'பாவம்' போட்டு முடித்துவிட்டீர்கள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போகிறவனாக இருக்கும். ஊருக்குத் திரும்புகிற இன்னொருவனிடம் கைமாறி வாங்கிய சைக்கிளாக இருக்கும். அதற்கு எவன் பில் போட்டுக் கொடுப்பான்? உங்களிடம் இல்லாத பில்தான் அவனிடமும் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவந்தவரின் சைக்கிள் ஒரு அடிதடி வழக்கில் சிக்கிக்கொண்டது. அவர் அடிக்கவும் இல்லை, அடிபடவும் இல்லை. சண்டை நடந்த இடத்தில் வண்டி நின்றது, அவ்வளவுதான். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒருமுறை அவரோடு நானும் போனேன். ஒன்றின் பெடல் இன்னொன்றின் போக்ஸ் கம்பிக்குள் நுழைந்து குவியலாகக் கிடந்தன. ஹேண்டில்பாரில் கட்டியிருந்த சீட்டில் குற்ற எண் மழையில் கரைந்துபோயிருந்தது. டயர் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. செயின் துருவேறி வளையாத கம்பியாகிவிட்டிருந்தது. இவர் மடியிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, பாராவில் நின்ற போலீஸ்காரரிடம் கெஞ்சிக் கேட்டுவிட்டு, ஃபிரீவீலில் நாலு சொட்டு விட்டார். அவரும் பாவம், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கோர்ட் உத்தரவு வாங்கி வண்டி வெளியே வந்தபோது அந்த எண்ணெயால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டயர், டியூப், செயின், ரிம் எல்லாம் போயிருந்தன. வண்டி மிதித்துத் தேய்வதற்குக் கணக்கு இருக்கிறது. ஸ்டேஷனில் நின்று தேய்வதற்குக் கணக்கே இல்லை. கைப்பற்றிய வாகனங்களை ஸ்டேஷன் வாசலில் நீண்ட நாள் போட்டுவைப்பதில் ஒரு பயனும் இல்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. போட்டோ எடுத்து, உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடலாம். எந்த ஸ்டேஷனுக்காவது போய் வேப்பமரத்தடியைப் பாருங்கள்.

தெரிந்தவர் இருந்தால் நமக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம் வேறு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அநாதைகளா என்ன? சொந்த ஊரில் கடை வைத்திருந்தவர்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று போலீஸ் பிடித்துப்போனதில் தொடங்கி, சில நாளில் இரண்டு உயிரும் போயிற்று. அப்படியிருக்க, போனிலுள்ள நம்பரை நம்பி நீங்கள் எவ்வளவு தூரம் மிதிப்பீர்கள்?

கடைக்காரர் விஷயத்திலும் நீங்கள் அந்த ரோந்துக்காரர் மாதிரியேதான் நடந்துகொண்டிருக்கிறீர்கள். கையில் கிரீஸோடு நிற்பவர் சொன்னால் முதலில் சந்தேகம். காரணம் எதுவும் கேட்பதில்லை.

உங்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரியும். பயத்தில் யாரானாலும் போனைத்தான் எடுப்பார்கள், ராத்திரி பத்தரைக்குச் சட்டப் பிரிவு யாருக்கு ஞாபகம் வரும்? ஆனால் டீ வந்தபோது பயம் போயிருக்கும் இல்லையா? அப்போது அந்தப் பையனைக் காட்டி, "இவனையும் விடுங்க சார், ரெண்டு பேரும் ஒரே கேஸ்தான்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இன்னும் ஒரு வாரம்தான் ஆகிறது. ஸ்டேஷனுக்குப் போங்கள், போன் போடாமல் போங்கள். அந்தப் பையனின் சைக்கிள் அங்கேயே நிற்கிறதா, கைப்பற்றியதற்கு அவனிடம் ஏதாவது காகிதம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். வெறும் வாயால் பதில் சொன்னால், எழுதிக் கொடுத்து அதற்கு ஒப்புகை வாங்குங்கள். அப்புறம் உங்கள் டி.எஸ்.பி. நண்பரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: பணியில் இருந்த காலத்தில் இப்படி எத்தனை போன் அவருக்கு வந்தது, வராதவர்களை என்ன செய்தார்? அவர் சொல்வதை எழுதி அனுப்புங்கள். ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன்.