வேட்டைக்குப் போனபோது தெரியாமல் மிரளவைத்த மான் அதே இடத்துக்குத் திரும்ப வருமா?

பெரும்பாலும் வரும். எப்போது வரும் என்பது அது எதனால் மிரண்டது என்பதைப் பொறுத்தது. மிரளுதல் என்றால் ஆபத்தை உணர்ந்து மறைவிடம் தேடி ஓடுவது. வெள்ளைவால் மான் (அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஒரு வகை) என்றால் வாலைத் தூக்கி வெள்ளைப் பக்கத்தைக் காட்டியபடி பாயும்.

சுள்ளி முறிந்த சத்தமோ ஓர் அசைவோ மட்டும் என்றால், என்னவென்று புரியாமலே ஓடியிருக்கும். கொஞ்ச தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்கவும் செய்யும். மனித வாடை பட்டுவிட்டால் கதை வேறு. மான் மூக்கைத்தான் முழுதாக நம்பும். ராத்திரி ஏதோ சத்தம் கேட்டால் நாம் சற்று நேரத்தில் தூங்கிவிடுவோம். வீட்டுக்குள் அந்நியன் நிற்பதைப் பார்த்துவிட்டால் பல நாள் தூக்கம் வராது. அப்படித்தான் இதுவும்.

அதனால் பின்னால் துரத்தாதீர்கள். அந்த இடத்தைச் சில நாள் சும்மா விடுங்கள். அப்புறம் வேறு வழியில், காற்று மானின் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு வீசும் நாளில் போங்கள் (சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் பருவத்திலும் மட்டும்). மலைச்சரிவில் வெயில் ஏறினால் காற்று மேலேறும், மாலையில் கீழிறங்கும். இதை மறந்துதான் பலர் இரண்டாம் முறையும் கோட்டைவிடுகிறார்கள்.

ஒருமுறை மிரண்ட மான் அந்தக் காட்டைவிட்டே போய்விடும் என்று நினைப்பது தவறு: தீனியும் மறைவும் தெரிந்த இடத்தை அது லேசில் விடாது, பகலில் வெளியே வருவதைத்தான் குறைத்துக்கொள்ளும்.