இதயமும் மைட்டோகாண்ட்ரியாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மைட்டோகாண்ட்ரியா எல்லா செல்லிலும்தானே இருக்கிறது? இதயத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

செல்லுக்குள் இருந்து ஆற்றல் தயாரிக்கும் நுண்ணிய உறுப்புதான் மைட்டோகாண்ட்ரியா. எல்லா செல்லிலும் இல்லை, ரத்தச் சிவப்பணுவில் கிடையாது. ஆனால் இதயத்தசை செல்லில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடத்தை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தயாரிக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறுதான் தசையைச் சுருங்க வைக்கிறது. செலவாகிச் செலவாகி மறுபடி உருவாகும் ஏடிபியைக் கூட்டினால் இதயத்துக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதயத்தின் எடையோ 300 கிராம் சொச்சம். கையிருப்பு சில விநாடிகளுக்குத்தான் தாங்கும். அன்றைய கூலியில் அன்றைக்குச் சமைக்கும் வீடு அது.

ஆய்வகத்தில் எலியின் இதயத்தை நறுக்கி, அரைத்து, சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சுற்றவிட்டால் குழாயின் அடியில் பழுப்பாக ஒரு படிவு சேரும். அதுதான் மைட்டோகாண்ட்ரியா. சைட்டோகுரோம் என்ற இரும்பு கொண்ட புரதங்கள் தரும் நிறம் அது. எல்லாமே ஐஸில் நடக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் அளந்து முடிக்காவிட்டால் வேலை செய்யாமல் படுத்துவிடும்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கினார்கள். ரத்தம் திரும்பி வந்ததாலும் கொஞ்சம் சேதம் ஆகும் என்கிறார்களே, எப்படி?

உண்மைதான். ரத்தம் நின்றிருந்த நேரத்தில் செல்லுக்குள் கால்சியம் ஏறியிருக்கும். திடீரென ஆக்சிஜன் வந்ததும் மைட்டோகாண்ட்ரியா தீவிர வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கும். இரண்டும் சேரும்போது அதன் உள்சவ்வில் ஒரு துளை திறக்கிறது. திறந்தபடியே நின்றால் மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடித்து, செல்லும் சாகிறது.

கிட்னி மாற்று சிகிச்சையில் தரும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இந்தத் துளையைத் திறக்க விடாது. 2008இல் பிரான்ஸில் 58 நோயாளிகளிடம் சோதித்தபோது தசை சேதம் குறைந்ததாகத் தெரிந்தது. துறையே குதூகலித்தது. 2015இல் 970 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு வந்தது: எந்தப் பலனும் இல்லை. இது போன்ற மருந்துகளை முதலில் சோதிக்கும் ஆய்வகத்து எலி இளசு, அதற்கு வேறு நோய் கிடையாது. மாரடைப்போடு வருபவருக்கோ வயதும் சர்க்கரையும் பழைய பிரஷரும் சேர்ந்தே இருக்கும். அந்த இடைவெளிதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. இதைப் படித்துவிட்டு ஸ்டென்ட்டைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். அடைப்பை நீக்காவிட்டால் போகும் தசை இதைவிடப் பல மடங்கு.

கோஎன்சைம் க்யூ10 மாத்திரை சாப்பிட்டால் இதயம் பலப்படுமா?

மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்க உதவும் இந்தப் பொருளை 1957இல் ஃபிரெடெரிக் கிரேன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கண்டுபிடித்ததே மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்துதான். இதயச் செயலிழப்பு உள்ள 420 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த சோதனையில் பலன் தெரிந்தது, 2014இல் வெளியானது. ஆனால் அந்த அளவிலான ஒரு சோதனையை வைத்து எல்லோருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. விளம்பரத்தை நம்பி, ஆரோக்கியமானவர்கள் வாங்கிச் சாப்பிடுவது வீண் செலவு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அந்த மருந்தின் வேலையை இது மட்டுப்படுத்தலாம்.

மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது என்றால், அம்மாவின் இதய நோய் எனக்கும் வருமா?

அப்படி முடிச்சுப் போட முடியாது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் 37 மரபணுக்கள்தான். மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களுக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அவை அம்மா, அப்பா இரு பக்கமிருந்தும் வரும். குடும்பத்தில் பலருக்கு இதயத்தோடு காது கேளாமை, தசை பலவீனம், சர்க்கரை எல்லாம் சேர்ந்து வந்தால் மரபணு மருத்துவரைப் பாருங்கள். வெறும் அடைப்பு என்றால் புகை, கொலஸ்ட்ரால், பிரஷர், சர்க்கரையைத்தான் முதலில் கேட்பேன்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்றே ஒரு மருந்தாவது வந்ததா?

வந்தது. ஆண் குழந்தைகளின் இதயத்தையும் தசைகளையும் தாக்கும் பார்த் சிண்ட்ரோம் என்ற அரிய நோய்க்கு எலாமிப்ரிடைட். உள்சவ்வில் இருக்கும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு இந்த நோயில் சரியாக உருவாவதில்லை. மருந்து போய் அதில்தான் ஒட்டுகிறது. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் துரித அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி தசை வலு கூடியதை வைத்துத் தரப்பட்டது, இதயத்தை வைத்து அல்ல. இதே மருந்தை மாரடைப்பு நோயாளிகளிடம் முன்பே சோதித்திருக்கிறார்கள். அங்கே இதயத்தசை சேதம் குறையவில்லை.