வீல்சேரில் இருக்கும் அம்மாவுடன் ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து வடக்கே எக்ஸ்மவுத் வரை காரில் போகலாமா?

போகலாம். தாராளமாகப் போகலாம்.

"சொந்தக்காரங்க எல்லாரும் வேண்டாங்கிறாங்க, அம்மாவுக்கு மட்டும்தான் ஆசையா இருக்கு" என்று கேள்வியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். வீட்டோடு இருந்தால்தான் பத்திரம் என்று சொல்கிறவர்களில் ஒருவர்கூட ஒரு கதவின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டுச் சொல்வதில்லை.

உங்கள் கேள்வியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: அம்மா சென்னையிலிருந்து வருகிறார். கையால் தள்ளும் மடக்கு வீல்சேர். முதுகுத்தண்டுக் காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இடம் மாற்றி உட்கார வைக்க நீங்களும் உங்கள் மனைவியும் இருக்கிறீர்கள். இதில் ஏதாவது வேறாக இருந்தால் கீழே உள்ள கணக்கும் மாறும். நான் மருத்துவர் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்டதை அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் ஏறத்தாழ 1,250 கி.மீ. முழுக்கத் தார் ரோடு. ஆகவே ரோட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த மாதிரிப் பயணங்கள் கெட்டுப்போவது குளியலறையில், டயரில், வெயிலில். பார்க்கிற இடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள். ஜெரால்டன், கல்பாரி, டென்ஹம், கார்னார்வன், எக்ஸ்மவுத் என்று ஐந்து இடங்களில் தங்கினால் ஒரு நாளைக்கு 400 கி.மீ. பக்கத்தில் முடிந்துவிடும்.

முதலில் வண்டி. "அவுட்பேக் என்றால் பெரிய ஃபோர் வீல் டிரைவ்தான்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். குஷனோடு சேர்த்து வீல்சேர் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. பெரிய ஃபோர் வீல் டிரைவ் இருக்கை அதைவிட 30 செ.மீ.க்கு மேல் உயரம். அவ்வளவு ஏற்றத்தில் டிரான்ஸ்ஃபர் போர்டு (நாற்காலிக்கும் இருக்கைக்கும் நடுவே வைத்து ஆளை நகர்த்தும் பலகை) வேலை செய்யாது. ஆளைத் தூக்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறை தூக்கினால் மூன்றாம் நாள் உங்கள் இடுப்பு போய்விடும். உங்கள் வழி தார் ரோடு என்பதால் சாதாரண உயரமுள்ள, கதவு அகலமாகத் திறக்கிற கார் போதும். போர்டைத் தமிழ்நாட்டிலிருந்தே கொண்டு வாருங்கள்.

அம்மாவை நாற்காலியோடே ஏற்றுகிற, பின்பக்கச் சரிவுப்பலகை வைத்த வண்டியும் பெர்த்தில் வாடகைக்குக் கிடைக்கும். அதில் கவனிக்க வேண்டியது, தரையைத் தாழ்த்திக் கட்டியிருப்பதால் வண்டியின் அடிப்பாகம் மண்பாதையில் உரசும். நாற்காலியைக் கட்டும் நான்கு பட்டைகளையும் சட்டகத்தில்தான் மாட்ட வேண்டும். சக்கரத்திலோ கைப்பிடியிலோ மாட்டக் கூடாது. ஆளுக்கு இடுப்பும் தோளும் சேர்த்துப் பிடிக்கிற வண்டியின் பெல்ட் தனியாக வேண்டும். நாற்காலியில் தைத்திருக்கிற இடுப்புப் பட்டை நிமிர்ந்து உட்காரத்தான், மோதலில் காப்பாற்றாது. அதிர்வில் பட்டைகள் தளரும் என்பதால் வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் இழுத்துப் பாருங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: தார் இல்லாத பாதையில் காப்பீடு உண்டா, ஊருக்கு வெளியே பொழுது சாய்ந்த பிறகு ஓட்டலாமா. பல நிறுவனங்கள் இரண்டையும் தடுத்திருக்கும். தடுக்காவிட்டாலும் அந்தி நேரத்தில் ஓட்டாதீர்கள், கங்காருக்கள் ரோட்டுக்கு வருகிற நேரம் அது. கிளம்பும் நேரத்தைக் கணக்கிடும்போது, அம்மாவின் காலை வேலைகள் முடிய இரண்டு மணி நேரம் ஆகுமென்றால் அதையும் சேர்த்துத்தான் தூரத்தைப் போட வேண்டும்.

அடுத்தது அறை. எனக்குக் கோபம் வருகிற இடம் இது. "ஆக்ஸஸிபிள் ரூமா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்கிறார்கள். வாசலில் ஒரே ஒரு படிதான் இருந்தாலும் ஆமாம், குளியலறையில் ஒரு கம்பி இருந்தாலும் ஆமாம். அதனால் அந்தச் சொல்லை வைத்துக் கேட்கவே கேட்காதீர்கள். அளவைக் கேளுங்கள். அறைக் கதவும் குளியலறைக் கதவும் திறந்த நிலையில் உள்ளே எத்தனை செ.மீ. இடைவெளி? ஆஸ்திரேலியத் தரக்கட்டளை 85 கேட்கிறது. உங்கள் அம்மாவின் நாற்காலி 65 என்றால் 75 இருந்தால் நேராகப் போய்விடலாம், திருப்பித்தான் நுழைய வேண்டுமென்றால் 75 போதாது. பழைய கேபின்களில் 60 செ.மீ. கதவும் உண்டு. ஷவரின் விளிம்பில் தடுப்பு மேடு உண்டா? கையில் பிடிக்கிற ஷவர்தானா? உட்கார்ந்து குளிக்க நாற்காலி அவர்களே தருவார்களா? டாய்லெட் இருக்கையின் உயரம் என்ன, பக்கத்தில் நாற்காலியை நிறுத்த இடம் எந்தப் பக்கம், இடதா வலதா? அம்மாவுக்கு எந்தக் கை பலம் என்பதைப் பொறுத்து இது முக்கியம். கட்டில் உயரம் 50 செ.மீ.க்குப் பக்கத்தில் இருக்கிறதா? ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி) பயன்படுத்துபவராக இருந்தால் கட்டிலுக்கு அடியில் 15 செ.மீ. காலியிடம் வேண்டும், பெட்டி போன்ற அடிப்பாகம் உள்ள கட்டிலில் ஹாய்ஸ்ட்டின் கால் நுழையாது. இவ்வளவையும் அளவு டேப்பை வைத்து எடுத்த போட்டோவாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அனுப்பாத இடத்தில் பதிவு செய்யாதீர்கள்.

நெடுஞ்சாலை ரோடுஹவுஸ்களில் (பெட்ரோல் பங்கோடு சேர்ந்த வழியோர விடுதிகளில்) தங்க நினைத்தால், அங்கே உள்ள அறைகள் பெரும்பாலும் லாரியில் கொண்டுவந்து இறக்கிய டோங்கா வகை. வாசலில் இரண்டு மூன்று படிகள் இருக்கும். ஒரு படி 17 செ.மீ. என்றால் இரண்டு படிக்கு 34. ஆள் தள்ளி ஏற்றுகிற 1க்கு 8 சரிவில்கூட 2.7 மீட்டர் பலகை வேண்டும். கையில் எடுத்துப் போகிற மடக்குப் பலகை 1.2 மீட்டர்தான் வரும், அது ஒரு சின்னப் படிக்குத்தான் சரி. அதனால் ஊருக்குள் தங்குங்கள்.

வழியில் கழிப்பறைக்கு ஆஸ்திரேலிய அரசின் தேசியப் பொதுக் கழிப்பறை வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். வீல்சேர் நுழைகிற கழிப்பறை எங்கே, எத்தனை மணி வரை என்று காட்டும். சிலவற்றைப் பூட்டி வைத்திருப்பார்கள். எம்லாக் என்ற பொதுச் சாவியால் திறக்கலாம், பூட்டுக்கடைகளில் சான்று காட்டி வாங்க வேண்டும். பெரியவர்களைப் படுக்க வைத்து உடை மாற்ற மேசையும் ஹாய்ஸ்டும் உள்ள 'சேஞ்சிங் பிளேசஸ்' அறைகள் வடக்கே போகப் போக மிக அரிது. அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுபவர்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். இந்த வெயிலில் அதுதான் சிறுநீர்த் தொற்றுக்கு நேர்வழி. கதீட்டர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு அதற்கு மேல் பாதி கூடுதலாக எடுத்து வாருங்கள், கார்னார்வனுக்கும் எக்ஸ்மவுத்துக்கும் நடுவில் மருந்துக்கடையைத் தேட முடியாது.

இப்போது நாற்காலி. நம்மூர் மடக்கு நாற்காலியின் திட ரப்பர் டயரை யாராவது குறை சொன்னால் விடுங்கள். இந்தப் பக்கத்தில் அது வரம். நம்மூர் நெருஞ்சியேதான் அங்கேயும் மண்டிக் கிடக்கிறது, கால்ட்ராப் என்பார்கள். டபுள்ஜீ என்று இன்னொரு முள்ளும் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். காற்றடைத்த டயர் என்றால் டியூப் இரண்டு, நெம்புகோல், பம்ப் கையில் இருக்கட்டும், அல்லது உள்ளே திட நுரை போட்டுவிடுங்கள். சின்ன ஊரில் வீல்சேர் டியூப் கிடைக்காது. சாயங்காலம் அறைக்குள் வருமுன் டயரைச் சுற்றிப் பாருங்கள். டயரில் ஒட்டிய முள் தள்ளுகிறவர் உள்ளங்கையில் ஏறும், அல்லது அறைக்குள் உதிரும், உணர்வில்லாத காலில் குத்தினால் யாருக்கும் தெரியாது.

முன் சக்கரம் சின்னதாக இருக்க இருக்கச் சரளையில் புதையும். 12.5 செ.மீ. சக்கரம் நின்றுவிடுகிற இடத்தில் 20 செ.மீ. சக்கரம் போகும். புதைந்தால் முன்னால் தள்ளாதீர்கள், ஆள் குப்புற விழுவார். திருப்பி, பெரிய சக்கரம் முன்னே வரும்படி பின்னோக்கி இழுங்கள். ஆலன் சாவி 4, 5, 6 மி.மீ., கேபிள் டை, ஒரு ரோல் ஒட்டுநாடா எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கர பேரிங் பல நாற்காலிகளில் 608 அளவுதான், நான்கு வாங்கி வைத்தால் சட்டைப்பையில் அடங்கும். செம்மண் புழுதி முதலில் கெடுப்பது அதைத்தான்.

ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது டயரில் மண் ஒட்டியிருந்தால் உயிர்ப்பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள். சென்னையிலேயே பிரஷ் போட்டுக் கழுவி, படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். மோட்டார் இணைப்பு ஏதாவது இருந்தால், கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட் ஹவருக்கு மேல் போகக் கூடாது. விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு அது பயணிகள் அறைக்குள் உங்களோடு வர வேண்டும். மின்சாரம் நம்மூர் மாதிரியே 230 வோல்ட், பிளக்தான் வேறு.

விமானம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்கு வெளியே போவதற்கு மன்னியுங்கள். ஒரு விமானத்துக்கு இரண்டு வீல்சேர் பயணிகள்தான் என்று அங்கே வரம்பு வைத்த நிறுவனங்கள் உண்டு. மூன்றாவதாகக் கேட்பவருக்குப் பணம் இருக்கிறது, இருக்கையும் காலியாக இருக்கிறது, ஆனாலும் இடம் கிடையாது. இது ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. பாகுபாடுதான், ஆனால் அதைத் தவிர்ப்பது நிறுவனத்துக்கு நியாயமற்ற சிரமம் என்று 2012ல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் பயணி தோற்றார். மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1992லேயே வந்துவிட்ட நாடு அது. "நாலு பேர் வீல்சேரில் சேர்ந்து டூர் போனால் என்ன?" என்று நிறுவனத்துக்குத் தோன்றவே இல்லை. நிறுவனத்தின் செலவைச் சொல்லி வாதாடுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு நாள் வயதாகும். உங்களுக்கு இதில் தேவையான செய்தி: உள்நாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் டிக்கெட் எடுத்த அன்றே வீல்சேரைப் பதிவு செய்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைக்குமுன் நாற்காலியை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், குஷனையும் கால்மிதியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில். மே முதல் செப்டம்பர் வரைதான் போக வேண்டும். காயம் டி6 (முதுகுத்தண்டின் மார்புப் பகுதியில் ஆறாவது எலும்பு) அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் உடம்பு சரியாக வியர்த்துத் தணியாது, தெளிப்பான் பாட்டிலும் ஈரத்துணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றாலும் சூட்டுப்புண் ஆபத்து அப்படியேதான். வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்புக் கால்மிதி, சீட் பெல்ட் கொக்கி, காரில் கால் பக்கம் வருகிற சூடான காற்று, மடியில் வைத்த காபி பிளாஸ்க் எல்லாமே கொப்புளம் போடும், அம்மாவுக்குத் தெரியாது. காலில் எப்போதும் ஷூ. கார் இருக்கையிலும் அவருடைய குஷன். அரை மணிக்கு ஒரு தடவை பக்கவாட்டில் சாய வையுங்கள். இரவில் இடுப்பெலும்புப் பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள், சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் மறுநாள் பயணம் வேண்டாம். காற்றுக் குஷன் என்றால் வெப்பத்தில் காற்று விரிந்து கெட்டியாகும், குளிரில் தளரும். காலையும் மதியமும் கையை அடியில் விட்டு, எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே இரண்டு செ.மீ. அளவு காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்க்கும் இடங்களில் கல்பாரி ஸ்கைவாக்கை விட்டுவிடாதீர்கள். 2020ல் திறந்தது. மர்ச்சிசன் பள்ளத்தாக்குக்கு மேலே 100 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இரண்டு மேடைகள், விளிம்பைத் தாண்டி 25 மீட்டரும் 17 மீட்டரும் நீளுகின்றன. வீல்சேர் நேராகப் போகும். பக்கத்தில் 'நேச்சர்ஸ் விண்டோ' என்ற பாறை ஜன்னலுக்குப் படி இறங்க வேண்டும், அதை விடுங்கள். பினக்கிள்ஸ் சுண்ணாம்புத் தூண்களை 4 கி.மீ. வட்டப்பாதையில் காரில் இருந்தே பார்க்கலாம், அது மண்பாதை என்பதால் வாடகை ஒப்பந்தத்தைச் சரிபாருங்கள். மங்க்கி மியாவில் டால்பின்கள் காலையில் ஆழமில்லாத தண்ணீருக்கே வருவதால் கடலில் இறங்கத் தேவையில்லை. ஷெல் பீச்சில் தரை முழுக்கச் சிப்பி, சக்கரம் புதைந்துவிடும், ஓரத்தில் நின்று பார்த்தால் போதும்.

மணலில் இறங்க ஆசை என்றால் பலூன் டயர் வைத்த கடற்கரை நாற்காலி வேண்டும். ஊரின் ஷயர் (உள்ளாட்சி) அலுவலகத்திலோ விசிட்டர் சென்டரிலோ முன்கூட்டியே கேளுங்கள். அதை அம்மா தானாகத் தள்ள முடியாது, பிரேக்கும் பெரும்பாலும் இருக்காது. டயரில் காற்று மெத்தென்று இருக்க வேண்டும், 2 முதல் 4 பி.எஸ்.ஐ. போதும். பெட்ரோல் பங்க் மெஷினை வைத்தால் வெடித்துவிடும், கைப் பம்ப்தான். ஒரு நாள் பெர்த்தின் காட்டஸ்லோவில் ஒத்திகை பார்த்துவிட்டு வடக்கே போங்கள். மணல்மேல் விரிப்பு போட்டிருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரைத் தாண்டினால் போன் சிக்னல் நீண்ட தூரத்துக்கு இருக்காது, இருக்கிற இடத்திலும் டெல்ஸ்ட்ரா மட்டும்தான் பெரும்பாலும் எடுக்கும். ஆபத்தில் உதவி கேட்டுச் சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். காரில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 5 லிட்டர், அம்மாவைக் கழுவித் துடைக்க இன்னும் 5. தசை இறுக்கத்துக்குக் கொடுக்கிற பேக்லோஃபென் போன்ற மருந்து திடீரென்று நின்றால் ஆபத்து, அதை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள், மருத்துவர் கடிதத்தோடு.

அறைகளுக்கு இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். ஒரு விடுதியில் வீல்சேர் அறை ஒன்றோ இரண்டோதான் இருக்கும், பள்ளி விடுமுறைக்கு மாதங்கள் முன்பே போய்விடும். கதவின் அளவு போட்டோவில் சந்தேகம் வந்தால் இங்கேயே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.