சூப்பர்சானிக் ஓட்டம் மீண்டும் ஒட்டும் இடத்தில் கோடுகள் ஏன் விழுகின்றன?

கேள்வி இதுதான்: பின்பக்கம் படி இறங்கும் மாடலை சூப்பர்சானிக் (ஒலியை விட வேகமாகக் காற்று ஓடும்) விண்ட் டனலில் வைத்து, ஓட்டத்தின் தடம் தெரிய எண்ணெய் பூசிப் பார்க்கும் எண்ணெய்ப் பூச்சு சோதனை செய்தபோது, படியில் பிரிந்த ஓட்டம் மீண்டும் சுவரில் ஒட்டும் இடத்துக்குப் பின்னால், சம இடைவெளியில் நீளக் கோடுகள். பூச்சு சரியில்லையா?

நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஏரோடைனமிக்ஸ் எடுக்கிறேன். இந்தக் கோடுகளைப் பூச்சின் குறையாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அவை ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு கிடக்கும் சுழல்களின் தடம்.

படியில் பிரிந்து கீழே சாய்ந்து வரும் ஓட்டம், சுவரைத் தொடும் இடத்தில் திரும்பிச் சுவரோடு ஓட வேண்டும். அப்போது அதன் பாதை குழிவாக வளைகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே மலைச் சாலை வளைவில் பேருந்து வேகமாகத் திரும்பினால் உள்நோக்கிய விசை அதிகம் தேவைப்படும், மெதுவாகப் போனால் கொஞ்சம் போதும். இங்கே அந்த விசையைத் தருவது அழுத்த வேறுபாடு. அது வெளியே ஓடும் வேகக் காற்றுக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. சுவரை ஒட்டிய மெதுவான காற்றுக்கு அது மிக அதிகம். அதனால் மெதுவான காற்று சுவரை விட்டு மேலே தள்ளப்படுகிறது, வேகமான காற்று கீழே இறங்குகிறது. ஒரே இடத்தில் இரண்டும் நடக்க முடியாது அல்லவா? ஓரிடத்தில் ஏற்றம், அடுத்த இடத்தில் இறக்கம் என மாறி மாறி வருகிறது. நடுவே எதிரெதிராகச் சுழலும் ஜோடிகள் உருவாகின்றன. குழிவான சுவரில் இந்த நிலையின்மையை ஜெர்மன் அறிஞர் கோர்ட்லர் 1940-இல் கணக்கிட்டுக் காட்டினார். சூப்பர்சானிக் ஓட்டம் மீண்டும் ஒட்டும் இடத்தில் இதை விரிவாக ஆராய்ந்தவர், 1950களின் கடைசியில் பெல்ஜியத்தில் ழான் ஜினூ. பிரிந்த குமிழியே, அதாவது படிக்கும் ஒட்டும் இடத்துக்கும் நடுவே காற்று சிக்கிச் சுழலும் பகுதியே, தானாக நிலைகுலைந்து முப்பரிமாணமாகும் வழியும் உண்டு. அதனால் கோடு தெரிந்தவுடன் கோர்ட்லர் சுழல் என்று முத்திரை குத்த வேண்டாம்.

கோடுகள் உண்மையானவைதானா என்று பார்க்க வழி இருக்கிறது. மாடலைத் துடைத்துப் புதிதாகப் பூசி மறுபடி ஓட்டுங்கள். அதே இடத்தில் வந்தால் அது பூச்சின் வேலை இல்லை. அப்புறம் மாடலின் முன்விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்குள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு பிசிறுகூட சுழல் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடும். கோடுகளின் இடைவெளி மட்டும் பெரும்பாலும் பவுண்டரி லேயர் (சுவரை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய காற்றடுக்கு) தடிமனின் இரண்டு மூன்று மடங்கு என்ற அளவில் இருக்கும்.

இதில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வெப்பம். வேகக் காற்று இறங்கும் இடத்தில் பவுண்டரி லேயர் மெலிகிறது, சுவருக்குள் போகும் வெப்பம் கூடுகிறது. ஏறும் இடத்தில் குறைகிறது. இருபரிமாணக் கணக்கில் வரும் ஒற்றை எண் இந்த ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். திரும்ப பூமியின் காற்று மண்டலத்துக்குள் வரும் விண்கலத்தின் வெப்பக் காப்பு எரிவது சராசரியால் அல்ல, அந்த உச்சத்தால்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஆரல்வாய்மொழி தாண்டினால் இஸ்ரோவின் மகேந்திரகிரி, இந்தப் பக்கம் திருவனந்தபுரம். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் மையத்தில் 2022 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ட்ரைசானிக் (ஒலிக்குக் கீழே, ஒலியை ஒட்டி, ஒலிக்கு மேலே என மூன்று வேகங்களிலும் ஓடும்) விண்ட் டனல் மாக் 4 வரை, அதாவது ஒலியின் நான்கு மடங்கு வேகம் வரை போகும். அந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் இதை இப்போதே பழக வேண்டும். அடுத்த சோதனையில் வெப்ப உணரிகளை ஓட்டத் திசையில் ஒரே வரிசையாக வைக்காமல், ஒட்டும் கோட்டுக்குப் பின்னால் குறுக்காகவும் ஒரு வரிசை வையுங்கள். இரண்டு உணரிகளுக்கு நடுவே உள்ள தூரம், எண்ணெய்ப் படத்தில் அளந்த கோட்டு இடைவெளியில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது.