குலை நோயும் குறுநாவலும்

கேள்வி: ஐயா, நெற்பயிரில் பூஞ்சையால் வரும் குலை நோய் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான்காம் ஆண்டு, எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) வாங்குகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து சிறுகதை எழுதுகிறேன், இரண்டு சிற்றிதழில் வந்திருக்கின்றன. ஒரு குறுநாவல் 40 பக்கத்தில் நின்று எட்டு மாதமாகிறது. லேபில் இருக்கும்போது கதை ஞாபகம், கதை எழுத உட்கார்ந்தால் தீசிஸ் ஞாபகம். என் கதையைப் பார்த்த கைடு, "ஃபெல்லோஷிப் வாங்கிக்கிட்டு இந்த வேலையா?" என்றார். முடித்துவிட்டு எழுது என்கிறாள் தோழி. சுஜாதா வேலையில் இருந்துகொண்டே எழுதவில்லையா என்கிறார் அப்பா. இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: கைடு சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். ஃபெல்லோஷிப் வாங்குபவர் வேறு சம்பள வேலைக்குப் போகக் கூடாது என்பதுதான் விதி. இரவு பத்து மணிக்கு மேல் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து கதை எழுதுவது அதில் வராது. சிற்றிதழ்கள் தரும் சன்மானத்தைச் சொன்னால் உங்கள் கைடே ஒப்புக்கொள்வார். நாளை மத்திய அரசுப் பணியில் சேர்ந்தாலும், 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, அலுவல் கெடாதவரை எப்போதாவது செய்கிற இலக்கிய வேலைக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் இதையெல்லாம் அவரிடம் போய் வாதாடாதீர்கள். உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியின் அடுத்த மீட்டிங்கில் காட்ட ஒழுங்கான கிராஃப் ஒன்று இருந்தால் கதையை அவரே மறந்துவிடுவார்.

ஆய்வை விட வேண்டாம். எஸ்ஆர்எஃப் என்றால் மாதம் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. (மாதாமாதம் வருகிறதா என்பது வேறு கதை.) தமிழில் சிறுகதை எழுதி வீட்டு வாடகை கட்டியவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். நான்கு வருடம் பூஞ்சையோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைசி வருடத்தில் எழுந்து போனால், அந்தக் கோபம் முழுக்கக் கதையின் தலையில்தான் விழும். உனக்காகத்தானே அதை விட்டேன் என்று ஒவ்வொரு பக்கத்திடமும் கணக்குக் கேட்பீர்கள். பாவம், அது என்ன செய்யும்?

எழுத்தையும் விட வேண்டாம், தள்ளியும் போட வேண்டாம். உங்கள் தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்தத் தொழிலில் 'முடித்துவிட்டு' என்று ஒரு நாள் வருவதில்லை. சினாப்சிஸ் கொடுத்தால் தீசிஸ், தீசிஸ் கொடுத்தால் எக்ஸாமினர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பு, அப்புறம் வைவா, போஸ்ட்டாக், வேலை, ப்ராஜெக்ட். நடுவில் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். தீசிஸ் எழுதும் கடைசி மூன்று மாதம் மட்டும் கதையை மூடி வையுங்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது.

சுஜாதா விஷயத்துக்கு வருகிறேன். அப்பாக்கள் எல்லோரும் அவரைத்தான் சொல்வார்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு, கூடவே வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை. உண்மைதான். ஆனால் அடுத்த வார அத்தியாயம் எங்கே என்று கேட்க அவருக்குப் பத்திரிகை ஆசிரியர்கள் இருந்தார்கள். உங்களை யார் கேட்கிறார்கள்? அவரை அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும்.

உங்களுக்கு ஒத்துவருகிற ஆள் ஜெயந்த் நார்லிகர். 1974-ல் மராத்தி விஞ்ஞான பரிஷத் அறிவியல் சிறுகதைப் போட்டி ஒன்று வைத்தது. அவர் அப்போது மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார், வயது 36, வானியற்பியலில் உலகத்துக்கே தெரிந்த பெயர். சொந்தப் பெயரில் அனுப்பினால் கதையைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துவிடுவார்களோ என்று தன் இனிஷியல்களைத் தலைகீழாகத் திருப்பி, நாராயண் விநாயக் ஜக்தாப் என்று ஒரு ஆளை உண்டாக்கினார். கையெழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும் என்று மனைவி மங்களாவை விட்டுப் படியெடுக்க வைத்தார். முதல் பரிசு ஜக்தாப்புக்குக் கிடைத்தது. பரிசை விட எனக்குப் பிடித்தது அந்தத் திருட்டுத்தனம்தான். கதை எழுதும் நேரத்தில் நார்லிகரை அறைக்குள்ளேயே விடவில்லை மனிதர்.

உங்கள் அறையில் ஆராய்ச்சிக்காரி, கதைக்காரி இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார்கள். நேரம் போதவில்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு வேலைக்கும் வாக்கியம் வேறு, அதுதான் சிக்கல். ஆய்வுக் கட்டுரையில் இலைகள் சேகரிக்கப்படும், கழுவப்படும், உலர்த்தப்படும். யார் கழுவினார், அன்றைக்கு அவருக்கு என்ன மனக்கஷ்டம் என்று சொல்லக் கூடாது. கதைக்கு அது மட்டும்தான் வேண்டும். நான் நிலக்கடலை ஆராய்ச்சியில் 20 வருடம் இருந்தவன். வருடாந்திர ரிப்போர்ட் எழுதிய வாரத்தில் எழுதிய ஒரு கதையைப் பின்னால் எடுத்துப் படித்தேன். கல்யாண வீட்டுக் காட்சி. மணப்பெண் 'அழைத்துவரப்பட்டாள்', பாயசம் 'பரிமாறப்பட்டது', மாமனார்கூட 'சமாதானப்படுத்தப்பட்டார்'. ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இருந்தும் தமிழில் புகுந்துவிட்டது.

அதனால், சாப்டர் எழுதுகிற நாளில் கதையைத் தொடாதீர்கள். லேப் நாளில், வயல் நாளில் எழுதுங்கள். கை வேலை செய்த நாளில் வாக்கியம் புதிதாக இருக்கும். விடியற்காலையில் எழ முடிந்தால் நல்லது. மெயில் பார்ப்பதற்கு முன் முக்கால் மணி நேரம். மெயிலில் ரிவ்யூவர் கமெண்ட் வந்திருந்தால் அன்றைக்கு ஜக்தாப் வர மாட்டார்.

பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுக்கும் மெஷின்) ஓடுகிற இரண்டு மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் ஓவனில் சாம்பிள் உலரும் நேரத்தில் முயன்றிருக்கிறேன், நடக்காது. பாதிக் காது மெஷினிடம் இருக்கும். அந்த நேரத்தில் ஏற்கெனவே எழுதியதைப் படியெடுங்கள், ஒற்றுப்பிழை திருத்துங்கள்.

வயலை மட்டும் வீணாக்காதீர்கள். நோய் ஸ்கோரிங்குக்குப் போவீர்கள் இல்லையா? பாத்தி பாத்தியாக இலையைப் புரட்டி, சாம்பல் நடுவும் பழுப்பு ஓரமுமாகக் கண் போன்ற அந்தப் புள்ளிகளைப் பார்த்து 0 முதல் 9 வரை மார்க் போட்டுக்கொண்டே நடப்பீர்கள். கை பழகியிருக்கும், காது சும்மா இருக்கும். பக்கத்து வயலில் களை எடுப்பவர்கள் நீங்கள் இருப்பதையே பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். அங்கே கேட்கிற பேச்சு எந்த எழுத்துப் பட்டறையிலும் கிடைக்காது. ஃபீல்டு புக்கில் எழுதாதீர்கள், அது லேபின் சொத்து. சட்டைப்பையில் தனியாக ஒரு சின்ன நோட்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் சீக்கிரமே லேப் உங்கள் கதைக்குள் வரப்போகிறது. வெளியிடாத டேட்டாவைக் கதையில் வைக்காதீர்கள். ஆட்களை வைப்பதிலும் கவனம். என்னுடன் வேலை பார்த்த ஒருவர் பஸ் டிக்கெட்டைக் குறுக்கே மடித்து, கூராக்கி, காது குடைவார். மீட்டிங்கில்கூட. பெயர், ஊர், சாதி எல்லாம் மாற்றி ஒரு கதையில் வைத்தேன், அந்த டிக்கெட்டை மட்டும் விட மனசு வரவில்லை. யாரோ கேண்டீனில் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். ஒரு வருடம் பேசவில்லை. கதை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை.

அந்த 40 பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, பேனா இல்லாமல் ஒரே மூச்சில் படியுங்கள். எட்டு மாதம் நின்றுபோன குறுநாவல் சில சமயம் உள்ளே ஒரு 15 பக்கச் சிறுகதையாக இருக்கும். அப்படித் தெரிந்தால் யோசிக்காமல் வெட்டுங்கள். இல்லை, குறுநாவல்தான் என்று தோன்றினால் முழுசாகத் திட்டம் போட உட்காராதீர்கள், அடுத்த காட்சி ஒன்று மட்டும்.

41-ம் பக்கம் எழுதியதும் இந்த முகவரிக்கே ஒரு வரி போடுங்கள். அதில் கைடு வருகிறார் என்றால் கண்ணாடியையாவது கழற்றிவிட்டு அனுப்புங்கள்.