2 எம்எம் போதுமா, 3 எம்எம் வேண்டுமா?

கேள்வி (ஈசூன் வாசகர்): அண்ணே, என்னிடம் 1996 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இருக்கிறது, டர்போ போட்ட 13பி ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை). போன மாதம் விரைவுச்சாலையில் வேகம் எடுத்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு இழுவை போய்விட்டது. கம்ப்ரஷன் பார்த்ததில் முன் ரோட்டரில் மூன்று அறையில் இரண்டு ரொம்பக் குறைவு. ரோட்டர் முனையில் இருக்கும் எபெக்ஸ் சீல் உடைந்திருக்கும், ரோட்டரை வெட்டி 3 எம்எம் சீல் போட்டால் இனி உடையவே உடையாது என்கிறார் பட்டறைக்காரர். பழைய 2 எம்எம் அளவையே போடு என்கிறான் நண்பன். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்ததிலேயே கை காலி. எதைப் போட?

பதில்: தம்பி, 2 எம்எம் போடுங்கள். சீல் உட்காரும் ரோட்டர் பள்ளம் தேய்ந்து அகன்றுபோயிருந்தால் மட்டும்தான் 3 எம்எம் பேச்சு, அதையும் இன்ஜினைப் பிரித்து அளந்து பார்த்த பிறகு.

பட்டறைக்காரர் சீல் என்று சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஒரு சீல் இரண்டு அறைகளுக்கு நடுவே சுவர் மாதிரி நிற்கிறது, அது போனால் இரண்டு பக்கமும் காற்று ஒழுகும், அதனால்தான் மூன்றில் இரண்டு குறைந்திருக்கிறது. ஆனால் 'உடையவே உடையாது' என்பதை நம்பாதீர்கள்.

சீல் மெலிந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. 1967இல் வந்த மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட் காரில் கார்பன் சீல், 6 எம்எம் கனம். அப்புறம் இரும்பில் 3 எம்எம் வந்தது, 80களின் நடுவில் வந்த ஆர்எக்ஸ்-7இலிருந்து 2 எம்எம். காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இல்லை இது. கனம் குறைந்த சீல், ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஹவுசிங் சுவரை விட்டு எகிறாமல் ஒட்டி ஓடும், உரசலும் குறையும். ஆரம்ப காலத்தில் சீல் துள்ளித் துள்ளி சுவரில் விழுந்த கீறல்களை 'பிசாசின் நகக்கீறல்' என்றே மாஸ்டா பொறியாளர்கள் சொன்னார்கள், அதை ஒழிக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1991இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் ஜெயித்த 787பி காரில் செராமிக் சீல் போட்டார்கள் என்றால், எடை குறைவதிலும் தேயாமல் இருப்பதிலும் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீலைச் சுவரோடு அழுத்துவது அடியில் இருக்கும் ஸ்பிரிங் மட்டும் இல்லை. எரியும் வாயு பள்ளத்துக்குள் இறங்கி, அடியிலிருந்து சீலைத் தூக்கிப் பிடிக்கிறது. அதற்குத்தான் மயிரிழை இடைவெளி விட்டிருக்கிறார்கள். இறுக்கமாக இருந்தால் சீல் சிக்கிக்கொள்ளும், அகன்றுவிட்டால் சாய்ந்து நின்று ஒழுகும். ஆகவே பிரித்ததும் புது 2 எம்எம் சீலைப் பள்ளத்தில் வைத்து, பக்கவாட்டில் 0.15 எம்எம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று நீங்களே கூட இருந்து பாருங்கள், மூன்று முனையிலும், பள்ளத்தின் வாய்ப்பக்கமாக, ஏனென்றால் அங்கேதான் முதலில் அகலும். நுழையவில்லை என்றால் அந்த ரோட்டரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. நுழைந்தால் நல்ல ரோட்டர் ஒன்று தேடுங்கள், கிடைக்காவிட்டால் அப்போது 3 எம்எம். ஒருமுறை வெட்டிய ரோட்டரில் திரும்ப 2 எம்எம் போட முடியாது, முனையின் ஓரத்தில் இருக்கும் கார்னர் சீலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், வெட்டுகிறவர் கை கொஞ்சம் கோணினாலும் ரோட்டர் போச்சு.

என் காடியிலும் இதே ஆசையில் 3 எம்எம் போட்டேன், கடினமான ஸ்டீல் சீல். செப்பாங் பந்தயத் திடலில் ஓட்டியபோது பெட்ரோல் பம்ப் சோர்ந்து கலவை மெலிந்தது, இன்ஜின் தட்டியது (கலவை நேரம் தவறி வெடிப்பது). சீல் உடையவில்லை, உண்மைதான். வளைந்து பள்ளத்திலேயே மாட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் ஹவுசிங்கின் குரோம் பூச்சு பிளக் துளைக்குக் கீழே நீளமாகச் சுரண்டிக் கிடந்தது, விரல் நகத்தை வைத்து இழுத்தால் 'கிர்ர்' என்று தடுக்கியது. சீலைக் காப்பாற்றப் போய் ஹவுசிங்கை இழந்தேன், ஹவுசிங்தான் விலை அதிகம்.

அதனால் முதலில் சீல் ஏன் உடைந்தது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் தட்டல்தான். எக்ஸாஸ்ட் மாற்றினீர்களா? இந்த மாடலில் புகைக்குழாய் தாராளமானால் டர்போ அழுத்தம் தானாக ஏறும், பழைய ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுக்காது. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து அளந்து பாருங்கள், பம்ப் அழுத்தம் பாருங்கள், 98 ஆக்டேன் பெட்ரோலே போடுங்கள். நம் ஊர் வெயிலில் உட்லண்ட்ஸ் பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஜோகூர் தாண்டியதும் ஒரே மிதியாக மிதிப்பவர்கள் உண்டு. டர்போ காற்றைக் குளிர்விக்கும் அந்தச் சின்ன இன்டர்கூலர் அதற்குள் அடுப்பு மாதிரி சுட்டிருக்கும், ஐந்து நிமிடம் நிதானமாக ஓட்டிவிட்டு மிதியுங்கள். டர்போவையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்பைன் இறகை அடித்திருக்கலாம். கையில் இருக்கும் வெள்ளியை இதற்கெல்லாம் செலவழியுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): என் ஆர்எக்ஸ்-8 சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. தடித்த சீல் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சூட்டில் அடம்பிடித்தால் கம்ப்ரஷன் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பிரிக்கும் முன் ரோட்டரி இன்ஜினுக்கென்று இருக்கும் டெஸ்டரில் அளக்கச் சொல்லுங்கள். சாதாரண பிஸ்டன் கேஜ் மூன்று அறையையும் தனித்தனியாகக் காட்டாது. 250 ஆர்பிஎம் கணக்கில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் இன்ஜின் வேலைதான். மேலே இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி, இக்னிஷன் காயில் இவற்றைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலே இந்த இன்ஜின் பற்றாது, நல்ல ஸ்டார்ட்டர் மாற்றியதும் சரியான காடிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அதே வாசகர்): பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கலாமா?

பதில்: கலக்கலாம், நானும் கலக்கிறேன். சீலுக்கு ஆயில் விடும் பம்ப் ஒழுங்காக வேலை செய்தால் 50 லிட்டருக்கு 250 மில்லி போதும். ஜாசோ எஃப்டி (டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) பார்த்து வாங்குங்கள், பெட்ரோல் நிரப்பும் முன் ஊற்றினால் நன்றாகக் கலந்துவிடும்.